படிக்கட்டில் முணுமுணுத்தவள்

ஜூன் 8

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரையோ எழுதச் சொல்லிவிட்டு அடியில் கைநாட்டு வைக்கவில்லை. நீ நலமா? இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போடுகிறது.

மார்ச்சிலிருந்து நூலகத்துக்குப் பின்னால் நடக்கும் மாலை வகுப்புக்குப் போகிறேன். எழுத்து வராமல் போனால் வெட்கக்கேடு என்று உன்னிடம் சொல்லவில்லை. முதலில் அவரவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். நான் டீச்சரிடம், "என் பேரு எங்கேயும் ஓடிப்போகாது. என் வீட்டுக்காரி பேரை முதல்ல காட்டும்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. உன் அம்மாவின் பெயர் எழுத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா! இத்தனை வருடம் அதைச் சும்மா வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது தெருவில் என்னால் வேகமாக நடக்கவே முடிவதில்லை. கடைப் பலகை, பஸ்ஸின் முதுகு, எல்லாம் கூப்பிட்டு நிறுத்திப் பேசுகின்றன. நேற்று ஒரு சுவரொட்டியை முழுதாக வாசித்தேன். நான் லைட்மேனாகவும் உன் அம்மா உடை தைப்பவளாகவும் வேலை பார்த்த அந்தப் பேய்ப்படத்தை மறுபடி எடுக்கிறார்களாம். அதே வீடு, அதே படிக்கட்டு. பேய் மட்டும் புதுசு. நீ சினிமாவுக்கு ஒலி அமைக்கிறவள், உனக்குத் தெரியாமலா இருக்கும்?

போன் செய்யாதே. அது கெட்டுப்போய்விட்டது. கடிதம் போடு.

கை வலித்தாலும் நிறுத்த மனம் வராத,
அப்பா

ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தை வாசித்து அழுததில் மூக்குதான் அடைத்துக்கொண்டது. வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் காட்டினேன். "டாக்டர் எழுத்தைவிடப் புரியுதே" என்றார் கேன்டீன்காரர்.

போனுக்கு என்ன ஆயிற்று? கொஞ்ச நாளாகவே, எடுத்தால் "ம்... சரி... வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். புதுசு வாங்கி அனுப்பட்டுமா?

அந்தப் படத்துக்கு ஒலி அமைப்பதே நான்தான். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பழைய ஒலிப்பதிவாளர் வீட்டில் ஒரு நாடாச் சுருள் கிடைத்தது. படிக்கட்டுக் காட்சியில் வருமே, ஒரு பெண்ணின் முணுமுணுப்பு, அது இதில் இருக்கிறது. பழைய படத்தில் வருவதும் இதுவும் ஒன்றுதான். அதை ஒப்பிட்டு உறுதி செய்துவிட்டேன். யாருடைய குரல் என்பதுதான் தெரியவில்லை.

"பேயாகப் பாடியது நான்தான்" என்று அம்மா சொல்வாராமே. அத்தை இன்றுவரை நொடிக்கிறாள். "உங்கம்மா துணி தைக்கப் போனவ. பாடறதுக்கு வேற ஆளு வந்துச்சு. சும்மா பீத்திக்கிட்டுத் திரிஞ்சா." அம்மா போனபோது எனக்கு இரண்டு வயது. குரல் நினைவில்லை. அது அம்மாவின் குரல்தான் என்றால் இந்தப் படத்தில் அவர் பெயரைப் போட இயக்குநர் சம்மதித்திருக்கிறார். ஆனால் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்கிறார். அந்தக் குரலோடு வாழ்ந்தவர் நீங்கள் ஒருவர்தான். பதிவை அனுப்புகிறேன். கேட்டுச் சொல்லுங்கள் அப்பா. அது அம்மாவா?

காத்திருக்கும் மகள்

ஜூலை 5

என் வாயாடிக்கு,

நலம். உன் மூக்கு திறந்ததா?

போன் வேண்டாம். அதில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது. கடிதம்தான் சுகம்.

உன் கேள்வியை மடித்து வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன். பாட ஒரு பெண் வந்தது உண்மை. அருமையாகப் பாடினாள். எங்கள் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதைக் கேட்டா ஜனம் கைதட்டும்யா. எனக்குக் கைதட்டல் வேணாம், நடுக்கம் வேணும்" என்றார். அப்படியே உடை அறைப் பக்கம் போனார். உள்ளே உன் அம்மா குனிந்து தைத்தபடி தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் உதட்டில் விரல் வைத்தார். ஒலிப்பதிவாளர் பூனை மாதிரி ஒயரை இழுத்து வந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். பதிவாகிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

இரண்டில் எதைப் படத்தில் சேர்த்தார்கள் என்று எங்களிடம் யார் சொல்லப் போகிறார்கள்? படம் பார்க்கப் போனோம். படிக்கட்டுக் காட்சியில் என் கையைக் கிள்ளி, "கேளுங்க, நான்தான்" என்றாள். கொட்டகையே அலறிக்கொண்டிருந்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவள் சொன்னாள், நம்பினேன். அவள் போனபிறகு அந்தப் படம் ஓடிய தெருப்பக்கமே நான் போனதில்லை.

புதுப் படத்தின் பேயைச் சுவரொட்டியில் பார்த்தேன். மேக்கப் போட்டவருக்குக் கை வலித்திருக்கும், பாவம். எங்கள் பேய்க்குக் கட்டைவிரல்கூடக் கிடையாது. ஒரு படிக்கட்டு, என் ஒற்றை விளக்கு, ஒரு குரல். அவ்வளவுதான்.

பதிவுக்கு அவசரம் இல்லை. நீயே இன்னொரு தரம் நன்றாகக் கேட்டுப் பாரேன். பெற்ற மகளுக்குத் தெரியாதா?

அப்பா

ஜூலை 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சரியாகச் சாப்பிடுகிறீர்களா?

எனக்குத் தெரிந்தால் உங்களிடம் ஏன் கேட்கிறேன்? இத்துடன் பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கீழே இருக்கிற ரேடியோ ரிப்பேர் கடையில் கொடுத்தால் போட்டுக் காட்டுவார். பெயர்ப் பட்டியலை செப்டம்பர் கடைசியில் முடித்துவிடுவார்கள்.

புதுப் படத்தை அவ்வளவு மட்டமாக நினைக்காதீர்கள். பழையதில் நாயகி எதற்கெடுத்தாலும் மயங்கி விழுவாள். இதில் பேயின் சட்டையைப் பிடித்து "யார் நீ?" என்கிறாள். ஆனால் படிக்கட்டுக் காட்சி மட்டும் சறுக்குகிறது. அதே குரல், அதே படி, பளிச்சென்ற படம். நாடாவிலிருந்த இரைச்சல், கீறல், மைக் எதிலோ இடிபட்ட சத்தம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக் குரலை மட்டும் கண்ணாடி போல எடுத்து வைத்தேன். சிலருக்குப் போட்டுக் காட்டினோம். அந்த இடத்தில் படத்தொகுப்பாளர் கொட்டாவி விட்டார். பழையதைப் பார்த்தால் இன்றும் என்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். இதில் எது குறைகிறது என்று பிடிபடவில்லை.

சீக்கிரம் எழுதுங்கள்.

மகள்

ஜூலை 30

என் வாயாடிக்கு,

நான் நலம், நீ நலமா?

கேட்டேன்! ரேடியோக்காரர் கடையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் போட்டுக் கேட்டேன். சந்தேகமே வேண்டாம். உன் அம்மாதான். அந்தக் குழைவு, அந்த இழுவை, வேறு யாருக்கு வரும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயரைத் தைரியமாகப் போடு.

ரேடியோக்காரரின் மனைவிக்குத்தான் ரசனை போதாது. பதிவு ஓட ஆரம்பித்ததும் எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினார். காயப்போட்ட துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நின்றார். வெளியே வெயில் கொளுத்துகிறது! ரேடியோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். இந்தக் காலத்து ஆட்களே ஒரு தினுசு.

அப்பா

ஆகஸ்ட் 7

அப்பா,

நீங்கள் நலமா? இந்த முறை இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உறைக்குள் பென் டிரைவை மாற்றி வைத்துவிட்டேன். அம்மாவின் பதிவு என் மேசை மேலேயே கிடக்கிறது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். உங்களுக்கு அனுப்பியதில் இருந்தது மழை. படத்துக்காக நான் பதிவு செய்த மழை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை வெறும் மழை மட்டும்தான்.

எப்போதிலிருந்து, அப்பா?

மகள்

ஆகஸ்ட் 29

அன்பு மகளுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன். முழங்காலால் யாரும் எழுதுவதில்லை.

போன வருடக் கடைசியிலிருந்து. முதலில் குருவிகள் நின்றன. பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு நீ. போனில் நீ பேசுவது எங்கோ தூரத்தில் யாரோ காகிதத்தைக் கசக்குவது மாதிரி ஆகிவிட்டது. டாக்டரிடம் போனேன். அவர் பேசியது கேட்கவில்லை என்றதும் சீட்டில் எழுதிக் காட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது. வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொன்னால், அவர் வாசிப்பதும் கேட்காது. அந்தச் சீட்டோடு நேராக மாலை வகுப்புக்குப் போனேன். அப்போது இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். நான் முதன்முதலில் வாசித்து முடித்தது அந்தச் சீட்டைத்தான். நரம்பு போய்விட்டது, கருவி வைத்தும் பயனில்லை என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டோமே என்று ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது, போ!

உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய். அதோடு, காதை வைத்துப் பிழைக்கிற மகளிடம் இதைச் சொல்ல நா எழவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பயப்படாதே. வெளிச் சத்தம் எல்லாம் போனபிறகு, மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் அடுத்த அறையில் உன் அம்மா முணுமுணுக்கிறாள். முதல் நாள் எழுந்துபோய்ப் பார்த்தேன். அவளுடைய தையல் மெஷின் போர்த்திய துணியோடு அப்படியே நின்றது. சத்தம் அதற்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது. டாக்டரிடம் எழுதிக் கேட்டேன். காது போனால் மூளை தானாகப் பாடும் என்று எழுதிக் கொடுத்தார். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஏனென்றால் முணுமுணுப்பு மட்டும்தான் வருகிறது, மெஷின் ஓடவில்லை. உன் அம்மா மெஷினை மிதிக்காமல் முணுமுணுத்ததே கிடையாது. கால் நின்றால் வாயும் நின்றுவிடும்.

அந்த மெஷினைத்தான் அவள் உடை அறைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தாள். ஒருதரம் பெல்ட் அறுந்துபோனது. நான் லைட் ஒயரை முறுக்கிக் கோத்துக் கொடுத்தேன். அந்த முடிச்சு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டொக்' என்று இடிக்கும். "பெல்ட்டை மாத்தித் தரேன்" என்றால் விடமாட்டாள். "இருக்கட்டும், பாடறவளுக்குத் தாளம் போட ஆள் வேணாமா?" என்பாள். டொக் இல்லாமல் என் வீட்டில் வருவது அவளா, என் மூளையா? எனக்கே தெரியவில்லை.

உன் கேள்விக்குக் காதால் பதில் சொல்ல முடியாது. கையால் சொல்லிப் பார்க்கிறேன். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் சத்தம் தெரிகிறது. அன்றைக்கு ஏதோ ஈசல் கூட்டம் போல ஊர்ந்தது. அதைத்தான் உன் அம்மா என்று எழுதிவிட்டேன். நீ துடைத்துப் போட்ட அழுக்கு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதோடு சேர்த்து அனுப்பு.

அப்பா

செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள்மேல் இருக்கிற கோபத்தை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

துடைக்காத நாடா பத்திரமாக இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போட்டுக் கேட்டேன். கேட்ட பிறகு கொஞ்ச நேரம் வெளியே வராந்தாவில் போய் நின்றேன். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நான் சொல்லி நீங்கள் ஆமாம் என்பதைக் கேட்டாயிற்று. நீங்கள் தொட்டுச் சொல்லுங்கள். உறையை ஒட்டும் முன் இரண்டு முறை பார்த்தேன். இந்தத் தடவை மழை வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியோக்காரரை எனக்கும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

மகள்

செப்டம்பர் 17

என் வாயாடிக்கு,

ரேடியோக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். செய்தித்தாளின் ஓரத்தில், "அன்னிக்கே சந்தேகப்பட்டேன் பெரியவரே. மழைக்கு அழுத முதல் ஆள் நீங்கதான்" என்று எழுதிக் காட்டினார். அதற்கடியில், "இப்போ துணியை எடுக்கணுமா?" என்று கேட்டார்.

பெட்டியின் மேல் கையை வைத்தேன். முதலில் மெல்லிய கூச்சம், தூக்கத்தில் இருப்பவர் மூச்சு கையில் படுவது போல. இது யாராகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு உள்ளங்கை நடுவில் ஓர் இடி. டொக். மறுபடி டொக். துணியின் முனை வரும்போது மெதுவாகி, திரும்பியதும் வேகம் பிடித்தது. அவள் அப்படித்தான் மிதிப்பாள். அந்த முடிச்சு நான் போட்டது, மகளே. அதை மிதித்த கால் உன் அம்மாவுடையது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ரேடியோக்காரர் என் தோளைத் தொட்டார். முகம் வெளுத்திருந்தது. தாளின் மிச்ச ஓரத்தில் இப்படி எழுதினார்: "யாரோ கடைக்கு மேலே படி ஏறுற மாதிரியே இருக்கு. நிறுத்திடட்டுமா?"

பெயரைப் போடு. அத்தைக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு.

வீட்டில் மதியப் பாட்டு இன்னும் மெஷின் இல்லாமல்தான் வருகிறது.

அப்பா

நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இடியைக் காட்சியில் திரும்பச் சேர்த்துவிட்டேன். பழைய படத்திலும் வயலினுக்கு அடியில் அது ஒளிந்திருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது அதுதான். அதே படத்தொகுப்பாளருக்கு மறுபடி போட்டுக் காட்டினோம். கொட்டாவி விட்ட மனிதர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். "அது என்னங்க, படியேறி வருது?" என்றார். எங்கம்மா என்றேன். சிரித்துவிட்டு, நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

டிசம்பரில் படம் வருகிறது. அம்மாவின் பெயர் கடைசியில், உடை தைத்தவர்களுக்கு அடுத்து, 'படிக்கட்டுக் குரல்' என்று வரும். பெயர்கள் ஓடும்போது துளிச் சத்தம் கிடையாது. படம் முழுக்க அலறவிட்டுக் கடைசியில் முழு மௌனம் வேண்டும் என்பது இயக்குநரின் பிடிவாதம். நானும் ஒத்துக்கொண்டேன். அந்த ஓர் இடத்திலாவது எல்லோரும் உங்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்பீக்கர் மாட்டிய சுவர் ஓரமாகப் பார்த்து உட்காருங்கள். பெயர்கள் வேகமாக ஓடும். விட்டுவிடாதீர்கள்.

மகள்

டிசம்பர் 14

என் வாயாடிக்கு,

பார்த்துவிட்டேன்! ரேடியோக்காரரும் அவர் மனைவியும் கூட வந்தார்கள். இடது சுவரை ஒட்டி உட்கார்ந்து, கையைச் சுவரில் வைத்துக்கொண்டேன்.

எது நல்ல படம் என்று கேட்பாய். சொல்கிறேன். புதுப் பேயின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்தால் பல் வலிக்காரர் ஞாபகம் வருகிறது. இருட்டை எதற்கு நீலமாக்கினார்கள் என்றும் புரியவில்லை. என் காலத்து இருட்டு கறுப்பு. ஆனால் அந்தப் பெண், நாயகி, பிரமாதம். எங்கள் நாயகி விழுவதற்கு நான் எத்தனை முறை விளக்கைத் திருப்பியிருக்கிறேன்! இவள் நிற்கிறாள். படிக்கட்டுக் காட்சியில் அவள் ஓடவில்லை, மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது சுவர் இடித்தது. டொக். ரேடியோக்காரர் மனைவி என் சட்டைக்கையைக் கிழிக்காத குறை. கொட்டகை முழுக்க வாய்கள் திறந்திருந்தன. ஒரு சத்தமும் இல்லாமல் அத்தனை பேர் அலறுவதைப் பார்த்திருக்கிறாயா? எனக்கு மட்டும் பயமில்லை. வருகிறவள் யார் என்று தெரியுமே.

பிறகு பெயர்கள் ஓடின. பாதிப் பெயர் வாசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தவறவிட்டுவிடுவேனோ என்று கண் இமைக்காமல் பார்த்தேன். உடை தைத்தவர்கள் என்பதைப் பிடித்துவிட்டேன். அடுத்து அவள் வந்தாள். நான் முதன்முதலில் எழுதிய அதே எழுத்துகள், வெள்ளையில், என்னைவிடப் பெரிதாக. முழுதும் வாசித்தேன், மகளே. வாய்விட்டு வாசித்தேன் போலிருக்கிறது. முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் மெஷினை மட்டும் ஓடவிட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பெயர்கள் தொடங்கியதும் சுவரில் வந்தது. டொக், டொக். அவள் பெயர் வந்ததும் மெதுவானது, துணியின் முனை வந்த மாதிரி. திரை வெளுத்து, விளக்குப் போட்டு, ஜனம் எழுந்து போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பெருக்க வந்தவர் கையசைத்து விரட்டும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் மெஷினோடுதான் பாடுகிறாள். நீ கெட்டிக்காரி.

அப்பா

டிசம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடைசிப் பகுதியின் ஒலிக்கோப்பைத் திறந்தேன். நாங்கள் விட்டபடியே வெறும் மௌனம்தான் இருந்தது. மூடினேன். நேற்று மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன். இடது சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கொட்டகை அடங்கியது. யாரோ இருமினார்கள், பிறகு அதுவும் இல்லை. நானும் கையைச் சுவரில் வைத்தேன்.

இதற்குமேல் கடிதத்தில் எழுத வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வருகிறேன். கதவுக்குத் தாழ் போடாதீர்கள், தட்டினால் உங்களுக்குக் கேட்காது. அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

மகள்